சொட்டுச் சாமியும் பழைய வாஷரும்

ஊரில் எல்லாருடைய கார்களும் அழ ஆரம்பித்திருந்தன.

அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டினால், விவரம் இல்லாதவன் ‘ஒழுகுது’ என்பான். விவரம் தெரிந்தவர்கள் ‘வண்டி அழுது’ என்றார்கள். ஏன் அழுகிறது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். சொட்டுச் சாமி.

அவர் ஷெட்டைத் திறப்பதற்குள் தெருமுனை வரை கார்கள் நிற்கும். வக்கீல் வந்தார். பல் டாக்டர் வந்தார். நாளை மழை வருமா என்று டிவியில் ஊருக்கே சொல்கிறவர், தன் காருக்கு அடியில் ஏன் ஈரம் என்று கேட்க வரிசையில் நின்றார்.

சாமி ஒன்றும் பிறவிச் சாமி இல்லை. போன வருஷம் வரை வெறும் மெக்கானிக். காரின் ஆயில் தொட்டிக்கு அடியில் ஒரு திருகு உண்டு. அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடியும். திருகின் கழுத்தில் ஒரு மெல்லிய வளையம், வாஷர். முடுக்கும்போது அது நசுங்கிக்கொடுத்து இடுக்கை அடைக்கும். ஒரு தடவை நசுங்கியது நசுங்கியதுதான். அடுத்த தடவை புதிது போட வேண்டும். ஒரு டீக்கு ஆகிற காசு அதற்கு ஆகாது. அந்தக் காசைச் செலவழிக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. பழையதையே திரும்பப் போட்டார். கார்கள் ஒழுகின.

முதலில் ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மெக்கானிக் குனிந்து தரையில் இருந்த கறையைப் பார்த்தார். அடி விழப்போகிற நேரத்தில்தான் சிலருக்கு ஞானம் பிறக்கிறது.

“சார், உங்க வீட்ல யாருக்காவது கால் வலி உண்டா?”

ஓங்கிய கை இறங்கியது. “எங்க அத்தைக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கால் வலி இல்லாத அத்தை எந்த வீட்டில் இருக்கிறாள் என்று வந்தவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மெக்கானிக் அன்றே சாமி ஆனார்.

பிறகு தொழில் ஒழுங்காக நடந்தது. சாமி வாஷரைக் கழற்றுவார். உள்ளங்கையில் மூடிக் கண்ணை மூடுவார். அதையே திரும்ப மாட்டுவார். “பழகின வாஷர். உங்க குடும்பத்து நல்லது கெட்டது எல்லாம் இதுக்குத் தெரியும். இதைத் தூக்கிப் போடறது வீட்டு மருமகளை வெளியே தள்றதுக்குச் சமம்” என்பார். கூட்டம் தலையாட்டும். மாமியார்கள் சற்று யோசித்துவிட்டு ஆட்டுவார்கள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணி ஒன்றை விலைக்குக் கொடுப்பார். வீட்டில் வண்டிக்கு அடியில் அதை விரித்து வைத்து, சொட்டு விழுந்ததும் கொண்டுவர வேண்டும். கறையைப் பார்த்துப் பலன் சொல்வார். பெரும்பாலும் ஒரே பலன்: வண்டியை விற்றுவிடுங்கள். வாங்கிக்கொள்ள அவருடைய மச்சான் பக்கத்து மனையிலேயே பழைய கார் வியாபாரம் செய்தார். ஆண்டவன் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில்தான் படைக்கிறான்.

டிரைவிங் டீச்சரின் காருக்கும் அந்தப் பலன்தான் வந்தது. அவளிடம் இருந்தது ஒரே கார். கூரைமேல் ‘கற்கிறோம், பொறுங்கள்’ என்ற பலகையோடு ஊரில் பாதிப்பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த கார். அது போனால் அவள் பள்ளிக்கூடமும் போயிற்று.

“ஸ்டியரிங் உடைஞ்ச மாதிரி கறை விழுந்திருக்கு. பொம்பளை கைக்கு இந்த வண்டி ஆகாதுன்னு சாமி சொல்லிட்டார்” என்றார் அவள் கணவர். “வெள்ளிக்கிழமை மச்சான் வந்து எடுத்துக்குவார். பேசிட்டேன்.”

“என் வண்டியை என்கிட்ட கேக்காமலா?”

“பேப்பர் என் பேர்லதானே இருக்கு.”

அவர் கணக்கு வாத்தியார். விடை மட்டும் எழுதி வழிமுறை எழுதாத பிள்ளைகளுக்கு முட்டை போடுகிறவர். சாமியிடம் மட்டும் விடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

டீச்சர் வாதாடவில்லை. கடைக்குப் போய் ஒரு புது வாஷர் வாங்கி வந்தாள். காரை ஜாக்கியில் ஏற்றி, ஆயிலைச் சுத்தமான தொட்டியில் பிடித்து, வாஷரை மாற்றி, ஆயிலைத் திரும்ப ஊற்றினாள். அடியில் செய்தித்தாள் விரித்தாள். மறுநாள் செய்திகள் உலர்ந்தே இருந்தன. ஒரு சொட்டு இல்லை.

“பாருங்க” என்றாள்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “ஐயையோ. அழுகை உள்ளேயே அடைஞ்சிடுச்சா? வெளியே வந்தாலாவது பரவாயில்லை.”

ஒழுகினால் தோஷம். ஒழுகாவிட்டால் பெரிய தோஷம். இப்படிப்பட்ட மூளையோடு வாதாடுவதைவிட மதில் சுவரை ரிவர்ஸ் கியரில் போகச் சொல்லலாம். டீச்சர் வேறு வழி யோசித்தாள். சாமி கொடுத்த வெள்ளைத் துணிகளில் கறை படாத ஒன்றை எடுத்தாள். அன்றிரவு அதைக் காருக்கு அடியில் விரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் கூட்டம் நெரிந்தது. “கொடுக்கிறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவை பாருங்க சாமி” என்று டீச்சர் துணியை நீட்டினாள். வாத்தியார் பக்கத்தில் பயபக்தியோடு நின்றார். மச்சான் சாவியை வாங்கக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

சாமி துணியை விரித்தார். நடுவில் பெரிதாக, வட்டமாக, எண்ணெய் மினுங்கும் கறை. ஓரத்தில் கறுப்பு.

“த்சொ த்சொ” என்றார். “வயசான எஞ்சின்மா இது.”

“ஆமா சாமி” என்றாள் டீச்சர்.

“வெளியே பார்த்தா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். உள்ளே எல்லாம் தேஞ்சு போச்சு. காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குதா?”

“ரொம்ப.”

“ஏத்தத்துல திணறுமே?”

“நின்னு நின்னுதான் போகும்.”

“சத்தம்?”

“ராத்திரியில ஒரு கர்ர்ருன்னு சத்தம். தூங்கவே முடியலை.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பல் டாக்டர், “எப்படிப் புட்டுப் புட்டு வைக்கிறார் பாருங்க” என்று வக்கீலிடம் சொன்னார்.

“இனிமே இதை வீட்ல வெச்சுக்காதீங்க” என்றார் சாமி. “வர்ற விலைக்குத் தள்ளிடுங்க.”

டீச்சர் மச்சானைப் பார்த்தாள். “நீங்க எடுத்துக்குவீங்களாண்ணே?”

மச்சான் துணியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “முழுசா ஓடாதும்மா. பாகம் பாகமாப் பிரிச்சு வித்தா ஏதோ கொஞ்சம் தேறும்.”

“சரிண்ணே. பார்த்துக் கூட்டிட்டுப் போங்க. இதோ நிக்கிறார்” என்று கணவரைக் காட்டினாள். “இது இவர் தலையணைமேல விரிச்ச துணி.”

எல்லார் கண்களும் வாத்தியாரின் தலைக்குப் போயின. எண்ணெய் தேய்த்து வழித்து வாரிய, வயசுக்கு மீறிக் கறுத்த தலை. வாத்தியாருக்கு வியர்த்தது. காதோரமாக ஒரு கறுப்புச் சொட்டு மெல்ல இறங்கிச் சட்டைக் காலரில் விழுந்தது.

“வண்டி அழுது” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

சிரிப்பு வெடித்தது. சாமி கையைத் தூக்கினார். “துணி எங்கே இருந்தா என்ன? ஒரே வீட்டுத் தோஷம். எங்கே விரிச்சாலும் தெரியும்.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. இரண்டொரு தலைகள் ஆடவும் தொடங்கின. கூட்டம் எப்போதும் அப்படித்தான், ஏமாற இன்னும் ஒரு வாய்ப்பு கிடைக்காதா என்று காத்திருக்கும்.

டீச்சர் பக்கத்து மனையைக் காட்டினாள். “மச்சானோட வண்டிங்க அத்தனை நிக்குதே. எல்லாம் நம்மகிட்ட இருந்து வாங்கினதுதான். நம்ம வீட்ல அழுதுச்சு. அங்க போனதும் ஏன் ஒண்ணுகூட அழலை? தரையைப் பாருங்க.”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போலிருந்தது.

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூட்டத்தில் வண்டி வாங்க வந்தவர்களும் இருந்தார்கள். “என் வண்டி எதுக்கும்மா அழணும்? ஒரு சொட்டு ஒழுகாது. வாங்கின அன்னைக்கே எல்லாத்துக்கும் புது வாஷர் மாத்திடுவோம்ல” என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

தட்டிய கை மார்பிலேயே நின்றது. சாமி அவரைப் பார்த்த பார்வையில் அவரே பாகம் பாகமாகப் பிரிந்து போயிருப்பார்.

“யாரு மாத்துறது?” என்று கேட்டார் வக்கீல்.

மச்சானின் கண் சாமி பக்கம் போனது. அது போதுமாக இருந்தது.

அப்போது வாத்தியார் காதோரத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வகுப்பறைக் குரல் திரும்பியிருந்தது.

“சாமி, கார் கறைக்கு ஒரு விடை சொன்னீங்க. என் தலைக்கும் அதே விடைதான் சொல்றீங்க. வழிமுறை எங்கே?”

சாமியிடம் வழிமுறை இல்லை. பின்பக்கம் ஒரு வழிதான் இருந்தது. அவர் அதில் போனார். மச்சானும் பின்னாலேயே போனார். காரை விற்றவர்களும் மச்சான் பின்னாலேயே போனார்கள்.

அன்று மாலை கடைகளில் வாஷர் தீர்ந்துவிட்டது. ஊரில் அழுகை ஓய்ந்தது. காரின் பேப்பர் டீச்சர் பேருக்கு மாறியது. வாத்தியார் தலைச் சாயத்தை விட்டார். நரை தெரிந்தது. அதோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை, டீச்சர் பாடத்துக்குக் காரைக் கிளப்பும்போது, வானிலை அறிக்கைக்காரர் ஓடி வந்தார். கக்கத்தில் ஒரு பொட்டலம். உள்ளே மடித்த தலையணை உறை.

“டீச்சர், அந்த ஆள் பித்தலாட்டக்காரன். நீங்கதான் நிஜச் சாமி. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

டீச்சர் உறையை விரித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“இதுமேல ஒரு தலை படுத்திருக்கு.”

அவர் நெஞ்சில் கை வைத்தார். “ஆமா டீச்சர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ராத்திரி படுக்கட்டும், வேணாங்கலை” என்று உறையை மடித்து அவர் கையில் கொடுத்தாள் டீச்சர். “பகல்ல கொஞ்சம் எழுப்பி வேலை வாங்குங்க.”