டப்பா மூடியில் இருப்பது நான்தான்

பேரன்புள்ள அண்ணன் மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் சௌக்கியம். சித்தியின் முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கம்பெனியும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு மலரை, "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க சித்தப்பா" என்று அனுப்பியிருந்தாய். பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நூற்றிருபது பக்கத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்றால், பதினாலாம் பக்கத்துப் போட்டோவில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை தெரிகிறது பார், அது நான். மிச்சத்தைக் கத்தரித்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். கடைசிப் பக்கத்தில், நம் கிரீம் டப்பா மூடியில் இருக்கிற அம்மாளை எடுத்துவிட்டு இனிமேல் ஏதோ இலைப் படம் போடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். "பெயர் தெரியாத பேரழகி" என்று வேறு போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போய்விடுமாம். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. உட்கார்ந்துகொண்டு படி. அந்தப் பேரழகி நான்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன். உன் அப்பா ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்து இந்த முகக் கிரீமைக் கண்டுபிடித்ததாக மலர் சொல்கிறது. என் அண்ணன் தங்கமான மனுஷன், அவரை ஒருத்தர் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன். ஆனால் அவர் ஏழு வருஷமாக ஆராய்ந்தது "இந்தத் தடியன் எங்கே தொலைஞ்சான்" என்ற ஒன்றைத்தான். நாங்கள் செய்துகொண்டிருந்தது செருப்புப் பாலிஷ், அம்மா. பின்கட்டில் ஒரு அடுப்பு, ஒரு அலுமினியப் பானை. தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, கறுப்புப் பொடியைக் கொட்டிக் கிளறி, ஆறுவதற்குள் டப்பாவில் ஊற்ற வேண்டும். கிளறுவது என் வேலை. மூடி போடுவது உன் சித்தி. அப்போது அவள் சித்தி இல்லை, கூலிக்கு வந்த பெண். ஒருநாள் நான் ஏதோ யோசனையில் கறுப்புப் பொடியைப் போட மறந்துவிட்டேன். அறுபது டப்பாவும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவள் அறுபதுக்கும் வாயைத் திறக்காமல் மூடி போட்டாள். சாயங்காலம் உன் அப்பா ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, இது செருப்புக்குப் போடறதா, இல்ல மூஞ்சிக்குப் போடறதா?" என்று கத்தினார். உன் அப்பாவின் ஆராய்ச்சி முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான்.

எதிர்க்கடை சலூன்காரர் தன் செருப்புக்கு என்று ஒரு டப்பாவை இலவசமாக வாங்கிப்போனார். மறுநாள் தலைமையாசிரியருக்குச் சவரம் செய்யும்போது தாடையில் கீறிவிட்டு, பதற்றத்தில் கைக்கு எட்டிய அந்த டப்பாவை எடுத்து அவர் முகமெல்லாம் அப்பிவிட்டார். அதற்கு அடுத்த நாள் தலைமையாசிரியர் படியேறி வருவதைப் பார்த்ததும் சலூன்காரர் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள, வந்தவர் திரையைப் பார்த்து, "நேத்து தடவினியே, அது எங்கப்பா கிடைக்கும்? வீட்ல என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க" என்றாராம். மூன்றாம் நாள் எங்கள் வாசலில் பெண்கள் வரிசை. உன் அப்பா அவசர அவசரமாக 'செருப்புப் பாலிஷ்' என்ற பலகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் கிரீம் பெயரை எழுதி மாட்டினார். உன் தலைமை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாயே, அதே பலகைதான். நம்பிக்கை இல்லையென்றால் திருப்பிப் பார்.

மூடியில் ஒரு பெண் முகம் வேண்டும் என்று போர்டு எழுதுகிற ஓவியர் சொன்னார். உன் அம்மாவைக் கேட்டதற்கு, "என் மூஞ்சி ஊர்க் குப்பைத்தொட்டியெல்லாம் கெடக்கணுமா? ஆளை விடுங்க" என்று அண்ணி உள்ளே போய்விட்டார்கள். உடனே என் மீசை போயிற்று. என் நீலக்கோடு போட்ட துண்டையே என் தலையில் முக்காடாகச் சுற்றி, ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அரை நாள் உட்கார்ந்தேன். பிறகு சரக்கோடு வெளியூருக்கு அனுப்பிவிட்டார் உன் அப்பா. மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் படம் முடிந்திருந்தது. அப்படியே நான்! கன்னத்து மச்சம் உட்பட! இன்றைக்கும் தினம் சவரம் செய்யும்போது டப்பாவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், மச்சம் அதே பக்கம்தான். "வெளியே தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்டா" என்று உன் அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டதால் உன் சித்திக்குக்கூடச் சொன்னதில்லை. அவள் கடையில் போய், "இந்தம்மா மூக்கு நசுங்கியிருக்கு, வேற குடுங்க" என்பாள். நான் என் மூக்கைத் தடவிக்கொண்டு சும்மா நிற்பேன்.

ஆகவே, மகளே, அந்த முகத்தை எடுத்துவிடாதே. ஐம்பது வருஷமாக ஊரெல்லாம் என்னைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது, ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. மலரில் ஒரே ஒரு வரி போடு. நான் போன பிறகு போட்டால் அதைப் படிக்க நான் இருக்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளையை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல். எல்லாரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
முழங்கைச் சித்தப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனேன். "அவளுக்கு அப்படி என்ன எழுதறீங்க?" என்றாள் உன் சித்தி. சத்தியம்தான் உடைந்தாயிற்றே என்று படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. அப்புறம் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "உங்க மச்சம் எந்தக் கன்னத்துல, தொடுங்க" என்றாள். தொட்டேன், இடது. "கண்ணாடியில இடம் வலமாத்தான் தெரியும். படத்துல அப்படி மாறுமா? டப்பால இருக்கறவளுக்கு வலது கன்னம்" என்று சொல்லித் தன் வலது கன்னத்தைக் காட்டினாள். மச்சம் இருந்தது! தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், பாவி, எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மூன்று நாளும் ஸ்டூலில் உட்கார்ந்தது அவளாம். நகத்துக் கறுப்பு போகவில்லையே, ஒருநாளாவது சுத்தமாக வேலை பார்க்கலாம் என்று கறுப்புப் பொடியை ஒளித்து வைத்ததும் அவள்தானாம்.

"ஏன்டி இத்தனை வருஷமாச் சொல்லல?" என்றேன். "தெனம் காலையில டப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா சவரம் பண்ணுவீங்க. அதை எதுக்குக் கெடுக்கறது?" என்றாள்.

அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. முகத்தை மட்டும் எடுக்காதே. இதுவரை எனக்காகக் கேட்டேன், இப்போது அவளுக்காகக் கேட்கிறேன். "அப்ப அந்த டப்பாவுல என்னுதுன்னு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இருக்கு. நீங்க உக்காந்த அரை நாள்ல ஓவியர் வரைஞ்சு முடிச்சது துண்டை மட்டும்தான்" என்றாள். ஆகையால் மலரில் இப்படிப் போடு: முகம் சித்தி, துண்டு சித்தப்பா. இடம் போதவில்லை என்றால் அந்த முழங்கையை எடுத்துவிடு.