டிஸ்க் சித்தரும் வெள்ளிக்கிழமை மத்தியானமும்

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. அவ்வளவு கூட்டம். நோய் தீர வந்த கூட்டமல்ல, பிள்ளை வரம் கேட்டு வந்ததுமல்ல. செத்துப்போன லேப்டாப்புகளுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு வந்த கூட்டம். பாதிப் பேருக்குப் பெயருக்குப் பின்னால் பி.ஈ., மீதிப் பேருக்கு எம்.சி.ஏ. செருப்பை மட்டும் வாசலில் விட்டதாக நினைத்துக்கொண்டு, படித்த படிப்பையும் சேர்த்து விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளே, மான்தோல் கிடைக்காத குறைக்கு மான் படம் போட்ட ஜமுக்காளத்தில் டிஸ்க் சித்தர் வீற்றிருந்தார். கழுத்தில் ருத்ராட்சம். அதன் நடுவே பழைய ஹார்டு டிஸ்கின் வட்டத் தகடு பதக்கமாகப் பளபளத்தது. இரண்டு வருடம் முன்புவரை ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் ராசிக்கல் விற்ற இராஜமாணிக்கம்தான் இவர். 2005இல் பெங்களூரில் ராசிக்கல்லைவிட லேப்டாப் அதிகம் என்பதைக் கண்டுகொண்ட ஞானி.

வரிசையில் நிருபமாவும் அவள் சிநேகிதி மரகதமும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி. அமெரிக்க டாக்டர்கள் வாய்க்குள் முணுமுணுத்து அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு, நோயாளியின் விவரங்களைத் தட்டச்சு செய்வது மரகதத்தின் வேலை. அதே ஒலியை மறுபடி கேட்டுத் தப்பு திருத்துவது நிருபமாவின் வேலை. எல்லாரும் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஆபீஸுக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை மரகதத்தின் லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தரவேண்டிய வேலை அத்தனையும் அதற்குள்.

"சித்தர்கிட்ட போனா வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்கடி," என்றாள் மரகதம். "நம்ம சிவசங்கரனுக்கு வந்துச்சு. லாவண்யாவுக்கு வந்துச்சு."

"நம்ம கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும் கரெக்டா வருது. மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கெல்லாம் பூர்வஜென்ம வினையாம்."

மரகதத்தின் முறை வந்தது. சித்தர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. குப்புறக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் கம்பெனி ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்தார். கண்ணை மூடி, திரை போட்டிருந்த கருவறையைப் பார்த்து உச்சக் குரலில் ஏதோ மந்திரம் சொன்னார். உடனே பஜனை தொடங்கியது. கடைசி வரிக்குத் திரைக்கு அடியிலிருந்து ஒரு தாம்பாளம் நகர்ந்து வந்தது. அதில் பட்டுத்துணி, பட்டுத்துணிக்குள் விபூதி, விபூதிக்குள் ஒரு சிடி.

மரகதம் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தாள். "சூடா இருக்கு."

"அம்மனோட உள்ளங்கைச் சூடு," என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "ஆனா ஒண்ணு தாயி. போன வாரத்து வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இதுல இருக்கும். அதுக்கப்புறம் நீ தீட்டோட தொட்டிருக்கே. தொட்டதை அம்மன் திருப்பித் தரமாட்டா."

சபையில் அத்தனை பேரும் மரகதத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டது.

விஷயம் திங்கட்கிழமையே முதலாளி வெங்கடராமன் காதுக்குப் போனது. நல்ல மனுஷன்தான். ஆனால் தன் காதில் விழுவதையெல்லாம் நம்பிவிடுவார், தன் கண்ணால் எதையும் பார்க்கமாட்டார். மரகதத்தைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார். மற்ற பெண்களுக்கு ஒரு புது உத்தரவு: மாதத்தில் மூன்று நாள் கம்பெனி லேப்டாப்பைத் தொடக்கூடாது, அந்த மூன்று நாளுக்குச் சம்பளமும் கிடையாது. அம்மனுக்கே கணக்குப்பிள்ளை வேலை கொடுத்துவிட்டார்.

பொம்மனஹள்ளியில் நிருபமாவின் வீட்டுக்கு வந்து மரகதம் அழுதாள். நிருபமா அழவிட்டாள், காபி கொடுத்தாள், பிறகு அந்தச் சிடியைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கேடி. ஒரு கமாகூடக் குறையல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. அப்புறம் எழுதினதுதான் இல்ல." மரகதம் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினாள். "இதைப் பாரு. 'நோயாளிக்கு இடது முழங்காலில்'னு பாதியில நிக்குது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்கன்னு அப்படியே விட்டுட்டுப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் முடிச்சேன்."

நிருபமா கோப்பையைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ முடிச்சது அம்மனுக்குத் தெரியல. மத்தியானம் பாதியில விட்டது மட்டும் தெரிஞ்சிருக்கு."

"அப்படின்னா?"

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல லேப்டாப்பை என்ன பண்ணுவோம்?"

"கேபிள்ல மாட்டிட்டுப் போவோம். ஹரிஷ்குமார் வைரஸுக்கு ஊசி போடுவான்."

ஹரிஷ்குமார்தான் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் லேப்டாப்பைப் பேக்கப் எடுக்கவே முடியாது என்று முதலாளியிடம் சத்தியம் செய்திருந்தவன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரகதத்தின் அழுகை நின்றது. சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அப்புறம் மறுபடி சிரிப்பு வந்து, இருவரும் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து கன்னடக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஏனாய்து? என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒரு சாமிக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தோட ஞாபகம் போயிடுதாம், ஆன்ட்டி," என்றாள் நிருபமா.

ஆனால் சித்தருக்கும் ஹரிஷுக்கும் நடுவே எப்படிச் சேதி போகிறது? எந்த லேப்டாப் யாருடையது என்று திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு எப்படித் தெரிகிறது? நிருபமா அந்த மந்திரத்தை நினைவில் ஓட்டிப் பார்த்தாள். டாக்டர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. 'ஓம் சூன்ய சதுர் சப்தாய நமஹ.' மரகதத்தின் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஸ்டிக்கரில் 047. சூன்யம் பூஜ்யம், சதுர் நாலு, சப்தம் ஏழு. அம்மனுக்குச் சமஸ்கிருதத்தில் நம்பர் சொல்லி ஆர்டர் கொடுத்திருக்கிறார் சித்தர்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வெங்கடராமன் எழுந்து மகிழ்ச்சியான செய்தி ஒன்று சொன்னார். டிஸ்க் சித்தரை வருஷ ஒப்பந்தத்தில் கம்பெனியின் தரவுக் காவலராக நியமிக்கப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அல்சூருக்கு வந்துவிட வேண்டுமாம். ஆபீஸ் புரொஜக்டரையும் எடுத்துப் போகிறார்களாம். அற்புதத்தைச் சுவரில் பெரிதாகப் பார்க்கவேண்டுமே.

"சார், தினமும் பேக்கப் எடுத்தா இதெல்லாம் தேவையில்லையே," என்றாள் நிருபமா.

"ஹரிஷ் முடியாதுன்னு சொல்லிட்டான்மா. டெக்னாலஜிக்கு ஒரு லிமிட் இருக்கு. அதுக்கு மேல தெய்வம்தான்."

ஹரிஷ் பணிவாகத் தலையாட்டினான். அந்தப் பணிவில் ஒரு கோயில் கட்டலாம்.

"சரி சார். என் லேப்டாப்பும் அடிக்கடி நின்னு நின்னு போகுது. ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வர்றேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் வெங்கடராமன். அன்று எல்லாருடைய லேப்டாப்பும் கேபிளில் மாட்டப்பட்டது, முதலாளியுடையது உட்பட. நிருபமாவுடையதைத் தவிர. அவள் அதைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வெங்கடராமன், பட்டு வேட்டியில். சிவசங்கரன் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தான். நிருபமா லேப்டாப்பை நீட்டினாள். சித்தர் கவிழ்த்தார், குங்குமம் வைத்தார், கண்ணை மூடினார்.

"ஓம் சூன்ய சூன்ய ஏகாய நமஹ."

திரைக்குப் பின்னால் ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு பஜனை தொடங்கியது. தாம்பாளம் வந்தது. சிடி சூடாக இருந்தது.

"போன வாரத்து வெள்ளிக்கிழமை வரைக்குமா, இந்த வெள்ளி வரைக்குமா சாமி?" என்று நிருபமா கேட்டாள்.

"இந்த வெள்ளி வரைக்கும் சுத்தமா இருக்கு தாயி. நீ ஆசாரமான பொண்ணு."

"அப்போ இங்கேயே போட்டுப் பாத்துடலாம்." அவள் லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். நின்று நின்று போவதாகச் சொன்ன லேப்டாப் இனிமையாக ஒரு சங்கீதம் பாடிக்கொண்டு எழுந்தது. சித்தர் ஒரு கண்ணைத் திறந்தார். புரொஜக்டர் கேபிளை மரகதம் மாட்டினாள். சிடி உள்ளே போனது. சுவரில் ஒரு ஃபைல் விரிந்தது.

அன்பே, நீ ஒரு ஃபைல்.
நான் உன் ஃபோல்டர்.
நம்மை அழிக்க
எந்த டெலீட்டுக்கும் தைரியமில்லை.
— வெண்ணிலா வேங்கடன்

மண்டபமே கழுத்தை நீட்டிப் படித்தது. பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அடுத்த பக்கம் வந்தது. அதிலும் கவிதை. அதற்கடுத்ததிலும்.

வெங்கடராமனின் முகம் குங்குமத்தோடு போட்டி போட்டது. "இது... இது என்னோடது. பத்திரிகைக்கு அனுப்ப வச்சிருந்தேன். என் லேப்டாப்ல இருக்கு. அது இதோ என் பையில இருக்கு. இது எப்படி உன்னோடதுல..."

"ஆத்மா கூடு விட்டுக் கூடு பாயும்," என்றார் சித்தர் கணீரென்று. "டேட்டாவும் ஒரு ஆத்மா."

நம்பமாட்டீர்கள், முன்வரிசையில் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிவசங்கரன் சுண்டல் தூக்கோடு விழுந்து கும்பிட்டான்.

"கூடு பாயல சாமி," என்றாள் நிருபமா. லேப்டாப்பைக் கவிழ்த்து நம்பர் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். அது அவளே எழுதி ஒட்டிய காகிதம்: 001. "ஸ்டிக்கர்தான் பாஞ்சிருக்கு. ஒண்ணாம் நம்பர் சாரோடதுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். சூன்யம், சூன்யம், ஏகம்னு நீங்க கத்தினீங்க. உள்ளே இருக்கற ஆளு சாரோட காப்பியை எடுத்துக் குடுத்துட்டான். அம்மனா இருந்தா மெஷினைப் பாத்திருப்பா. நம்பரைப் பாக்கறவன் மனுஷன்."

"கருவறையைப் பழிக்காதே. பொம்பளைங்க அந்தத் திரையைத் தொட்டா ரத்தம் கக்கிச் சாவாங்க," என்று சித்தர் எழுந்தார்.

மரகதம் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். திரையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். கம்பியோடு வந்துவிட்டது.

ரத்தம் வரவில்லை. ஹரிஷ்குமார் வந்தான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய டிஸ்க், சிடி எழுதும் பெட்டி, பாதி தின்ற மசால் தோசை இவற்றின் நடுவே கால் மடக்கி உட்கார்ந்திருந்தான். அமெரிக்காவில் யாரோ ஒரு பெரியவரின் மூலநோய் விவரம் அல்சூரின் ஊதுபத்திப் புகையில் அவன் திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

"ஹரிஷ்," என்றார் வெங்கடராமன் மெல்ல. "பேக்கப் எடுக்க முடியாதுன்னு சொன்னியே."

"வாராவாரம் எடுத்துட்டுத்தான் இருக்கேன் சார்." ஹரிஷ் வாயைத் துடைத்துக்கொண்டான். "நீங்க ஒருநாளும் வந்து பாக்கல. சித்தரா வந்து எங்க மாமா சொன்னதும் நம்பிட்டீங்க."

மாமா அதற்குள் மான் படத்தைச் சுருட்டிக்கொண்டு பின்கதவுக்குப் போயிருந்தார். அங்கே பூர்வஜென்ம வினைக்காரர்கள் தங்கள் செத்த லேப்டாப்புகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வரும்வரை அவரைப் பத்திரமாக வைத்திருந்தது அவர்கள்தான்.

வெங்கடராமன் மரகதத்தின் முன்னால் வந்து நின்றார். "நான் சொன்னதை மறந்துடும்மா. தப்பு என்னோடது. நாளைக்கு வேலைக்கு வா."

"மூணு நாள் உத்தரவு சார்?"

"அது இந்த நிமிஷத்தோட இல்ல."

"எல்லார் முன்னாடியும் என்னைத் தீட்டுன்னாங்க. எல்லார் முன்னாடியும் இதையும் சொல்லுங்க சார்."

அவர் திரும்பி, உரக்கச் சொன்னார். மரகதம் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

அடுத்த வாரமே புது ஏற்பாடு வந்தது. தினமும் சாயங்காலம் வீட்டிலிருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அன்றைய வேலை ஆபீஸ் மெஷினுக்குப் போய்ச் சேரும். மாதம் ஒரு முறை ஒரு ஃபைலை வேண்டுமென்றே அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று பார்ப்பதும் நிருபமாவின் வேலை. முதல் தடவை பார்க்கப் போனபோது, அந்த மெஷினின் நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் சிவசங்கரன் கைகூப்பி நின்றிருந்தான்.

"என்ன இருந்தாலும் அவர்கிட்ட ஏதோ ஒரு சக்தி இருந்துச்சுல்ல மேடம்?"

"இருந்துச்சே," என்றாள் நிருபமா, பூவை எடுத்துக் காற்றுத் துவாரத்தை விடுவித்துக்கொண்டே. "நீங்க யோசிக்காம விட்டதெல்லாம் அவரோட சக்திதான்."

அய்யா, அம்மா, உங்கள் ஃபைலை நகல் எடுத்துவைக்க மெஷின் வந்துவிட்டது. உங்களுக்குப் பதிலாக யோசிக்க இன்னும் எதுவும் வரவில்லை. அந்தச் சின்ன வேலையை மட்டும் தயவுசெய்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.