கொடுக்காப்புளியும் மச்சான் நாக்கும்

சுவருக்கு வெளியே நீண்ட கொடுக்காப்புளிக் கிளையைக் கண்ணாடிக் கடைக்காரர் வெட்டியதுதான் வினையாகப் போயிற்று. வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, முன்பைவிட அடர்த்தியாக, தெருப்பக்கமே சாய்ந்து காய்த்துத் தொலைத்தது.

எந்தப் பறவையோ போட்ட விதை. அவர் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. காய்ந்த மண்ணில் முள்ளும் முரடுமாகத் தானே வளர்ந்த மரம். ஆனால் சுருண்ட காய் சிவந்து, வெடித்து, வெள்ளைச் சதை தெரிந்ததும் பெற்ற பிள்ளையைப் போலச் சொந்தம் கொண்டாடினார்.

பறிக்க வருபவர்களில் முதல் ஆள், எதிர்வீட்டுத் தையல்காரம்மா.

"அதைத் தின்னாதீங்கம்மா. மரத்துல ஏதோ விஷம் ஏறியிருக்கு. என் மச்சானுக்கு நாக்கே தடிச்சுப்போச்சு" என்று கடைக்காரர் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார்.

"அடப்பாவமே. பேசுறாரா?"

"எல்லாம் சைகைதான்."

உள்ளே போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "புளுகுறதுக்கு என் தம்பிதான் கெடைச்சானா?"

புளுகு வேலை செய்தது. தெருவில் ஒருவரும் கை வைக்கவில்லை. அவர் கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டுத் தனியாக ஒரு வெட்டு வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் ரம்பத்தோடு வாசலில் நின்றான். பின்னால் தையல்காரம்மாவும் பாதித் தெருவும்.

"சுகாதாரத் துறை. விஷ மரம்னு புகார். வேரோட எடுக்கணும்."

கடைக்காரர் ஓடி வந்தார். "விஷமெல்லாம் இல்ல சார்."

"அப்ப உங்க மச்சான் நாக்கு?"

"அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் சார்."

"யாரு, என் தம்பிக்கா?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ரம்பம் அடிமரத்தைத் தொட்டது. கடைக்காரர் பாய்ந்து ஒரு கொத்தைப் பறித்தார். முள் கையைக் கிழித்தது. சுளைகளை வாயில் அடைத்து மென்று, கறுப்பு விதைகளைத் துப்பினார்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார். தெருவே எட்டிப் பார்த்தது.

"ஒருத்தர் தின்னா போதாது. நாலு பேர் தின்னு ஒண்ணும் ஆகலேன்னா விட்டுடறேன்."

"எல்லாரும் பறிச்சுத் தின்னுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கடைக்காரர் கெஞ்சினார். தொரட்டியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் மரத்தில் இலையும் முள்ளும்தான் மிச்சம். மரமாவது பிழைத்ததே என்று அவர் மூச்சு விட்டபோது, புடைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்ட காக்கிச் சட்டைக்காரன் தையல்காரம்மாவிடம் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

"சீக்கிரம் வாக்கா. இந்தச் சட்டையைத் தைக்கக் குடுத்தவரு வாங்க வந்துடப் போறாரு."