பிரிவு உபசாரத்துக்கு மறுநாள்

கழுத்தில் போட்ட மாலையைச் சங்கரராமன் இன்னும் கழற்றவில்லை. பாயசத்தை இலையில் விடவா, டம்ளரில் தரவா என்று அவர் மனைவி வித்யாலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் டி.வி.யில் கீழே ஓடிய எழுத்து அவர் கண்ணில் பட்டது. அரசு ஊழியர் ஓய்வு வயது ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்பதாக உயர்வு. உடனே அமலுக்கு வருகிறது.

"ஏட்டி வித்யா, அந்தச் சத்தத்தைக் கூட்டு."

அவள் கூட்டினாள். இருவரும் நின்றபடியே கேட்டார்கள்.

"அப்ப இந்த மாசம் நீங்க ரிட்டயர் ஆவலையா?"

"அதத்தானட்டி சொல்லுதான்!"

வித்யாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. வரப்போகிற பணத்தில் மாடி எடுக்க அவள் எத்தனை யோசித்து வைத்திருந்தாள் என்று சங்கரராமனுக்குப் பாவமாக இருந்தது.

ஆனால் அவருடைய பெரிய கவலை பணம் அல்ல. அன்று காலையில் அவர் பேசிய பேச்சு.

கொரோனா ஊரடங்கில் அலுவலகம் முறை வைத்து நடந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியில் எல்லாரும் ஒன்றாகச் சேர முடியாது என்று பிரிவு உபசாரத்தை முன்கூட்டியே இன்று வைத்துவிட்டார்கள். முகக்கவசமும் இடைவெளியுமாக வரிசை வரிசையாய் உட்கார்ந்து, சங்கரராமனைத் தங்கம், வைரம் என்று புகழ்ந்தார்கள். ஏற்புரைக்கு எழுந்த மனிதர், இனி இந்தப் படி ஏறப்போவதில்லை என்கிற தைரியத்தில், முப்பத்துநாலு வருடமாக அடக்கி வைத்திருந்த அத்தனையையும் அவிழ்த்துவிட்டார்.

அதிகாரி ஆனந்தி மேடத்தைப் பற்றிச் சொன்னார்: "எந்த ஃபைலைக் கொண்டு போனாலும் 'பேசவும்'னு எழுதுவாங்க. பேசப் போனா 'எழுதிக் கொடுங்க'ம்பாங்க." தனக்கு அடுத்த நிலையில் இருந்த கண்ணனைப் பற்றிச் சொன்னார்: "டீ குடிச்சிட்டு வாரேன்னு போனான்னா, தேயிலை பறிக்கப் போயிருக்கானோன்னு நெனைப்போம்." மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். யாரையும் விடவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு அதே படியில் ஏறி, அதே ஆட்களோடு முழுசாக ஒரு வருடம் உட்கார வேண்டும்.

சாயங்காலம் கண்ணனே போன் செய்தான்.

"அண்ணாச்சி, டி.வி. பாத்தியளா?"

"பாத்தேம்ல. எதுக்கு இப்படிப் பண்ணுதானுவ?"

"கவர்மெண்டு கையில காசு இல்ல அண்ணாச்சி. ரேஷன்ல கார்டுக்கு ஆயிரம் கொடுத்தாச்சி. ஆஸ்பத்திரிக்குக் கட்டிலு, கிட்டு, மாஸ்க்குன்னு போவுது. கடை கண்ணி அடைச்சுக் கிடக்கு, வரி எங்கருந்து வரும்? பெட்ரோலுக்கு ஏத்திட்டான். டாஸ்மாக்கை இன்னைக்குத் தொறந்துட்டான். நம்ம பஞ்சப்படியை நிறுத்திட்டான். பத்திரம் போட்டுக் கடன் வாங்குதான். அப்பயும் பத்தல. இந்த வருசம் ரிட்டயர் ஆவுறவன் அம்புட்டுப் பேருக்கும் மொத்தமா எடுத்துக் கொடுக்கணும்லா? அதான் தள்ளிவிட்டுட்டான்."

"அப்ப எம் பணத்தை அவன் வச்சுக்கிடுதான்."

"பணத்தை மட்டுமா? ஒங்களையும்லா சேத்து வச்சுக்கிடுதான்."

சங்கரராமன் சுவரில் சாய்ந்துகொண்டார். "முப்பது லட்சத்தைக் கடனா வாங்கிட்டு, ஆயிரம் ரூவாய ரேஷன்ல வட்டி கொடுத்திருக்காம்ல!"

கண்ணன் சிரிக்கவில்லை. "நாளைக்கு வாங்க அண்ணாச்சி, பேசிக்கிடுவோம். எனக்குத் தேயில பறிக்கிற சோலி இருக்கு," என்று வைத்துவிட்டான்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வித்யாலட்சுமிதான் பேச்சை எடுத்தாள். அவள் அப்பாவும் அரசாங்க ஊழியர். எந்த விதி எங்கே கடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"மேடத்துக்குக் கோவம் வந்து ஒழுங்கு நடவடிக்கைன்னு 17பி மெமோ கொடுத்துட்டா என்ன செய்வீங்க? ரிட்டயர் ஆவுற அன்னைக்கு அது நிலுவையில இருந்தா பணிக்கொடை நின்னு போவும். எங்க அப்பாகூட வேலை பாத்தவரு அஞ்சு வருசம் அலைஞ்சாரு."

"இப்ப என்னட்டி பண்ண?"

"காலைல மொத ஆளாப் போயி மன்னிப்புக் கேட்டுருங்க."

மறுநாள் காலையில் போனார். ஆனந்தி மேடத்தின் முகத்தில் முகக்கவசம். கண்ணில் எதுவும் தெரியவில்லை.

"மேடம், நேத்து நான் பேசுனது மனசுல வச்சுக்கிடக் கூடாது."

"நேத்து நீங்க பேச ஆரம்பிச்சதுமே கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து போன் சார். நான் வெளியே போயிட்டேன். என்ன பேசினீங்க?"

சங்கரராமன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மன்னிப்பைக் கேட்டாகிவிட்டது. எதற்கு என்று சொல்லாமல் வெளியே வர முடியாது. ஜோக்கைச் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. புரியவில்லையோ என்று விளக்கியும் சொன்னார். சிரிக்காத ஆளுக்கு ஜோக்கை விளக்குவது எவ்வளவு நீளமான வேலை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மேடம் பேனாவை எடுத்தார். "சரி சார். பேசினது போதும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்துடுங்க."

தன்னுடைய குற்றப்பத்திரிகையைத் தானே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மேடம் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிய சத்தம் கேட்டது.

வித்யாலட்சுமி அடுத்த யோசனை சொன்னாள். "நிவாரண நிதிக்குப் பதினஞ்சு நாள் சம்பளத்தைக் கொடுங்க. இவ்வளவு நல்ல மனுசனுக்கு மெமோ கொடுக்க யாருக்கு மனசு வரும்?"

கையைக் கடித்தாலும் கொடுத்தார். மேடத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். சங்கரராமன் சாரைப் பார்த்து மற்றவர்களும் மனமுவந்து ஆளுக்கு மூன்று நாள் சம்பளம் தர வேண்டும் என்று அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் மனமுவந்து கையெழுத்துப் போட்டார்கள். போட்ட ஒவ்வொருவரும் நிமிர்ந்து சங்கரராமனை ஒரு பார்வை பார்த்தார்கள்.

கண்ணனுக்குத்தான் ஆத்திரம் அதிகம். சங்கரராமன் போனால் அந்தக் கண்காணிப்பாளர் நாற்காலி அவனுக்கு. அந்த நம்பிக்கையில் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி, விழா முடிந்த கையோடு நாற்காலி முதுகில் போட்டும் வைத்துவிட்டான். இப்போது அதை எடுக்கவும் மனசில்லை, விடவும் வழியில்லை.

"பாவம், அந்தப் பையன் ஆசைப்படுதான்," என்றாள் வித்யாலட்சுமி. "நாற்காலில அவனை உக்காரச் சொல்லிட்டு நீங்க பக்கத்துல ஒரு ஸ்டூல போட்டு உக்காருங்களேன். என்ன குறைஞ்சு போவும்? அவனாவது ஒங்க பக்கம் இருப்பான்."

சொன்னபடியே செய்தார். கண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, துண்டில் தலையை வைத்து, "அண்ணாச்சி, ஒங்க மனசு யாருக்கு வரும்!" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மேடம் உள்ளே வந்தார். கண்காணிப்பாளர் ஸ்டூலில். உதவியாளர் நாற்காலியில்.

மெமோ வந்தது. கண்ணனுக்கு.

"நல்லா இரும் வே," என்றான் கண்ணன். 'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது. "நாற்காலியையும் விட மாட்டீரு, மெமோவையும் வாங்கிக் கொடுத்துட்டீரு."

அன்று வீட்டுக்கு வந்ததும் சங்கரராமன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துட்டு வந்துருதேன். இனி முடியாது. கௌரவமா வீட்ல இருப்பேன். ஊரடங்குல ஒனக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்தேன்! அரிசி டப்பாவுக்கு நம்பர் போட்டேன், சாம்பாருக்குப் பருப்பு அளந்து கொடுத்தேன். அப்படியே காலத்தை ஓட்டிருதேன்."

வித்யாலட்சுமி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நல்லாச் சொன்னீங்க! இப்ப எழுதிக் கொடுத்தா, தப்புப் பண்ணிட்டுப் பயந்து ஓடுதாருன்னுல்லா மேடம் நெனைப்பாங்க? இழுப்பறையில கிடக்குறது அன்னைக்கே வெளிய வரும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. ஒரு வருசம்தான? ஓடிப் போயிரும்."

இவ்வளவு தூரம் யோசிக்கிற மனைவி கிடைத்ததற்குச் சங்கரராமன் அன்று மனதாரச் சந்தோஷப்பட்டார். அவள் கையால் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, விருப்ப ஓய்வை மறந்தார்.

"அதைவிட," என்றாள் அவள், "பெரிய அதிகாரிங்க காதுல ஒங்களைப் பத்தி நல்லதா விழணும். அப்பதான் மேடம் ஒங்க மேல கை வைக்க யோசிப்பாங்க."

அதற்கும் சமயம் வந்தது. மாவட்டத்து அலுவலகங்களுக்கெல்லாம் காணொலிக் கூட்டம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தலைகள். ஓய்வை ஒரு வருடம் தள்ளியது பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மாவட்ட அதிகாரி கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. சங்கரராமன் எழுந்தார்.

"ஐயா, வீட்ல ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்லன்னா நகையைக் கழட்டிக் கொடுக்கிறதில்லையா? நாடே படுத்துக் கிடக்கு. எங்க பணத்தை அரசாங்கம் வச்சுக்கிடட்டும். இன்னும் ஒரு வருசம் சேத்துக் கேட்டாக்கூட நாங்க தயார்."

மாவட்ட அதிகாரி கை தட்டினார். ஆனந்தி மேடமும் தட்டினார். மற்ற கட்டங்களில், ஓய்வுக்குக் காத்திருந்த நரைத்த தலைகள் அத்தனையும் அசையாமல் அவரையே பார்த்தன. அந்த வாரமே ராயகிரியிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து, 'நாங்க'ன்னு சொல்ல நீரு யாருவே என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் அவரோடு டீ குடிக்கப் போவதில்லை. அவர் ஃபைலைக் கேட்டால் கடைசியாக வரும். மேடம் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் என்ன எடுக்கிறார் என்று எட்டிப் பார்த்தார். ஆனாலும் மெமோ வரவில்லை. தீபாவளி போனது, பொங்கலும் போனது. இன்னும் மூன்றே மாதம், சுத்தமாக வெளியே வந்துவிடலாம், பணம் கைக்கு வந்துவிடும் என்று அவர் மெல்ல நிமிரத் தொடங்கினார்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் காலை, கண்ணன் தன் செல்போனை அவர் மேசைமேல் ஓங்கி வைத்தான்.

"படியும்."

ஓய்வு வயது அறுபதாக உயர்வு.

அலுவலகமே எழுந்து நின்று அவரைப் பார்த்தது. "கேட்டாக் கொடுக்கத் தயார்னு சொன்னீருல்லா? கேட்டுட்டான்," என்றான் கண்ணன். பதவி உயர்வு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனதில் அவனுக்குக் குரல் உடைந்தது. திட்டியிருந்தால்கூடச் சங்கரராமனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தன் பேச்சைக் கேட்டுத்தான் அரசாங்கம் ஆணை போட்டதா என்று ஒரு நிமிடம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் கால் தானாகக் கோயில் பக்கம் போனது. கோமதி அம்மன் முன்னால் நின்றபோது, இத்தனை மாதமாக வராத அழுகை வந்தது. "அம்மா, நான் ஒனக்கு என்ன குறை வச்சேன்? என்னைய மட்டும் ஏன் இப்படிப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்க?" என்று வாய்விட்டே கேட்டார்.

வெளியே வரும்போது வித்யாலட்சுமியின் நினைப்பு வந்தது. செய்தி கேட்டு அவள் வீட்டில் எப்படி இடிந்து போய் உட்கார்ந்திருப்பாளோ? தன்னோடு சேர்ந்து அவளும்தானே இத்தனை நாளும் தூக்கமில்லாமல் யோசனை யோசனையாகச் சொன்னாள்? அவளுக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்று, வாசலில் பூக்கட்டும் பேச்சித்தாயிடம் போனார். வித்யாலட்சுமி தினமும் பூ வாங்குவது அவளிடம்தான்.

"ரெண்டு முழம் மல்லி கொடும்மா," என்று சட்டைப் பையில் கையை விட்டார்.

பேச்சித்தாய் நாலு முழமாகவே அளந்து இலையில் சுற்றி அவர் கையில் வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காசு வேண்டாம் சார். நீங்க ரிட்டயர் ஆயி வீட்டுக்கு வந்துரக் கூடாதுன்னு அக்கா வேண்டிக்கிட்டது ரெண்டாந் தடவையும் பலிச்சிருச்சுல்லா, காலைலயே ஓடி வந்து அம்மனுக்கு மாலை சாத்திட்டு, அறுபத்தொண்ணுக்கும் இப்பவே அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போயிருக்காவ!"