போலாரிட்டி பார்த்த லட்சணம்

எனக்கு எலெக்ட்ரிகல் தெரியும் என்று நம்பி மாமல்லபுரத்தில் நாலைந்து ஓட்டல்காரர்கள் வேலை கொடுக்கிறார்கள். அவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

செங்கல்பட்டில் டிப்ளமோ படித்த எனக்கு ஒரே ஒரு அரியர், டிரான்ஸ்பார்மர் லேப். அதை முடித்தால் கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை நிச்சயம். கருங்குழிக்கும் மதுராந்தகத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிய அப்பா, ஏறுகிறவர்களிடமெல்லாம் 'பையன் கல்பாக்கத்துல கீறான்' என்று சொல்லவே ஆரம்பித்துவிட்டார். (நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

தேர்வில் வந்தது போலாரிட்டி. ஒரு சுருளின் எந்த முனைக்கு அடுத்த சுருளின் எந்த முனை ஜோடி என்று கண்டுபிடிக்க வேண்டும்; மாற்றி இணைத்தால் ஷார்ட். சுருளுக்கு ஒரு முனையாக எடுத்து இணைத்து, கரண்ட் கொடுத்து, மிச்ச இரண்டுக்கும் நடுவில் வோல்ட்மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். எனக்கோ அதைவிடச் சுலபமான வழி கிடைத்தது. புத்தகப் படத்தில் ஜோடி முனைகளுக்குப் புள்ளி வைத்திருப்பார்கள். மேஜையில் இருந்த இரண்டு டிரான்ஸ்பார்மர்களிலும் சுருளுக்கு ஒன்றாக, முனை ஓரத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. அதைப் பார்த்து ரீடிங்கை நானே எழுதிவிட்டேன்.

தேர்வாளர் இரண்டையும் பேரலலாக இணைத்துக் காட்டச் சொன்னார். புள்ளியோடு புள்ளியைச் சேர்த்து சுவிட்சைப் போட்டேன். டமால். லேப் முழுக்க கரண்ட் போனது, எல்லோருடைய ரீடிங்கும் போனது.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்றார். புள்ளியைக் காட்டினேன். அவர் விரலால் தொட்டார். புள்ளி விரலோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தார்.

"சந்தன வாசனை வருதேப்பா. யார் வெச்சது?"

"நான்தான் சார். போன வாரம் ஆயுத பூஜைக்கு."

(பொரி தின்னப் போனவன் கையில் சந்தனமும் குங்குமமும் குழைத்த கிண்ணத்தைக் கொடுத்திருந்தார்கள்.)

ஃபெயில். கல்பாக்கம் வேலை வேறொருவனுக்குப் போனது. அன்று அப்பாவின் ஆட்டோவிலேயே ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நீயே பொட்டு வெச்சி, நீயே ஏமாந்துகினியா?" என்றவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாளிலிருந்து பயணிகளுக்கு இந்தக் கதைதான்.

அப்பா போய் நாலு வருஷமாகிறது. போன மாதம் மதுராந்தகத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். புது டிரைவர், என்னைத் தெரியாது. எலெக்ட்ரீஷியன் என்றதும் இந்தக் கதையை எனக்கே சொன்னார். அவர் கணக்கில் டிரான்ஸ்பார்மர் வெடித்து செங்கல்பட்டே இருண்டுவிட்டது.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"அது தெரியாதுண்ணா. ஆனா அவங்கப்பா ஒரு அடி கூட அடிக்கலியாம்."

அது மட்டும் நிஜம் என்றேன்.