மாமனார் மீசையில் தக்காளி விதை

மருந்தே அடிக்காத மாடித்தோட்டம் என்று பீற்றிக்கொள்பவனை நம்பாதீர்கள். நானும் அப்படிப் பீற்றியவன்தான்.

வேங்கிக்காலில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு ரகத் தக்காளி வளர்த்தேன். நாட்டுத் தக்காளி மடிப்பு மடிப்பாக, கண்ணை மூடவைக்கும் புளிப்போடு இருக்கும். எந்தப் பூச்சிக்கும் அசராது. ஹைப்ரிட் தளதளவென்று லேசாக இனிக்கும். வெள்ளை ஈயைப் பார்த்தாலே சுருண்டுவிடும். தீபத்தன்று காலையில் பார்த்தால் ஹைப்ரிட் இலையெல்லாம் சுருட்டை. மலையுச்சியில் ஏற்றும் தீபம் தெரியும் மாடி என்பதால் சாயங்காலம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். மானம் போய்விடுமே என்று, மண்டையோடு படம் போட்ட மருந்தை வாங்கிவந்து ஹைப்ரிட் வரிசைக்கு மட்டும் ரகசியமாக அடித்தேன். (ஒரு வாரம் பறிக்கக் கூடாது என்று டப்பாவில் போட்டிருந்தது. யார் பறிக்கப்போகிறார்கள்?)

சாயங்காலம் மாடி நிரம்பியது. எல்லோரும் மலையைப் பார்த்திருக்க, மாமனார் மட்டும் செடிகள் இருந்த மூலையிலிருந்து வந்தார். தீபம் பார்க்காமல் பச்சைத்தண்ணீர்கூடத் தொடமாட்டார். அந்தப் பெருமையை வருஷம் முழுக்கச் சொல்வார். அவர் மீசையில் ஒரு தக்காளி விதை ஒட்டியிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"மாமா, தக்காளி சாப்ட்டீங்களா?"

"விரதங்க மாப்ள. என்ன பேச்சு இது?" என்று மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. விஷம் ஏறுகிறது என்றே நினைத்தேன். (மாட்டிக்கொண்ட வியர்வை என்பது பிறகுதான் புரிந்தது.) தெருவெல்லாம் ஜனம், ஆட்டோ நகராது. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாம் என்றால் தண்ணீரே குடிக்கமாட்டார். சொன்னால் என் மானம் போகும், சொல்லாவிட்டால் அவர் உயிர் போகும்.

"மாமா, காலைல மருந்து அடிச்சிட்டேன்!"

கூட்டமே திரும்பியது. மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எதுக்குடா அடிச்ச?" (மரியாதை அத்தோடு முடிந்தது.)

"ஹைப்ரிட்டுக்கு மட்டுந்தான்! சொல்லுங்க மாமா, இனிச்சுதா, புளிச்சுதா?"

அவர் சுற்றி நின்ற சொந்தக்காரர்களை ஒருமுறை பார்த்தார். என் மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லித் தொலைப்பா!"

அந்த நேரம் பார்த்து மலையுச்சியில் தீபம் தெரிந்தது. ஊரே "அரோகரா!" என்றது. எங்கள் மாடியில் மட்டும் ஒரு குரல் அழுகையோடு கத்தியது. "புளிச்சுதுடா!"

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போதும் தீபத்துக்கு எங்கள் மாடிக்குத்தான் வருகிறார், விரதத்தோடு. ஜோதி தெரிந்ததும் விரதம் முடிக்க என் மனைவி ஒரு நாட்டுத் தக்காளியை நீட்டுவாள். அவர் அதை வாங்கி முதலில் என் வாயில் வைப்பார். நான் மென்று விழுங்கும்வரை தீபத்தை விட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் என் முகத்தையே பார்க்கும்.