சைரன் அடித்தால் உள்ளே ஓடுகிறவர்கள்

சைரன் அடித்தால் மனிதர்கள் வெளியே ஓட வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். சைரன் சத்தம் கேட்டதும் ஹோவென்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிற கூட்டத்தை என் வாழ்நாளில் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். (சொன்னால் அங்கிருக்கும் செக்யூரிட்டிக்கு என்னை ஞாபகம் வந்துவிடும்.) பெங்களூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு தீம் பார்க் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது நான் ஒரகடத்தில், கார்களுக்கான ஒயரிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. அறையில் என்னோடு இருந்தவள் பேச்சியம்மாள், எங்கள் பக்கத்து ஊர்க்காரி. 'அறையில் என்னோடு' என்று சொல்வது கூடப் பொய்தான். அவள் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவள் கிளம்புவாள். அவள் எழுந்த பாயில் நான் படுப்பேன். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பேச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வேலைக்குப் பேப்பர் போட்டுவிட்டாள். மாதக் கடைசியில் ஊருக்கு ரயிலேற வேண்டும். "உனக்கு என்னட்டி வேணும், அக்கா வாங்கித் தாரேன்" என்று கேட்டேன். சேலை, கொலுசு என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தால், "அந்த ராட்டினத்துல ஒரு தடவ ஏறணும்க்கா" என்றாள்.

ஊரையெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து, மரங்களுக்கு மேலே அந்த ராட்சத ராட்டினத்தின் மேல்பாதி மட்டும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். அதற்குக் கீழ்ப்பாதி என்று ஒன்று இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாது. ஊருக்குப் போய்விட்டால் யார் இவளை ராட்டினத்துக்குக் கூட்டிப் போகப்போகிறார்கள்? மாப்பிள்ளைக்குத் தலைசுற்றல் உண்டு என்று வேறு கேள்வி.

ஆகவே திட்டம் போட்டேன். திட்டம் போடுவதில் எனக்கு அப்போது பெரிய நினைப்பு. காரணம் உண்டு. எங்கள் லைனில் தீ விபத்துப் பயிற்சிக்கான பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. சிவப்புத் தொப்பி கொடுத்திருந்தார்கள். விசில் கொடுத்திருந்தார்கள். கம்பெனியில் அவ்வப்போது திடீரென்று சைரனை அலறவிட்டு ஒத்திகை நடத்துவார்கள். விசில் ஊதி, அத்தனை பேரையும் வரிசையாக வெளியே நடத்திப்போய், பச்சைப் பலகை வைத்த திடலில் நிறுத்தித் தலை எண்ண வேண்டும். என் லைன்தான் எப்போதும் முதலில் வந்து நிற்கும். ஒரே ஒருத்தியைத் தவிர.

"இந்த டேப்ப மட்டும் சுத்திட்டு வாரேன்க்கா" என்பாள், ஓவர்டைமுக்காக அடிக்கடி என் ஷிப்டிலும் வந்து உட்காரும் பேச்சி. கையிலிருக்கும் ஒயருக்குக் கடைசிச் சுற்று டேப் ஒட்டாமல் அவள் எழுந்து வந்ததே கிடையாது. "நெருப்பு உன் டேப்புக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாட்டி?" என்று எல்லோருக்கும் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். அடுத்த ஒத்திகையிலும் கடைசியாகத்தான் வருவாள்.

இருவருக்கும் ஒரே நாளில் வார விடுமுறை வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சூப்பர்வைசர் கடைசியில் மனமிரங்கி, அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் நைட் ஷிப்ட் பார்த்தால் தருகிறேன் என்றார். (மனமிரங்கிய லட்சணத்தைப் பாருங்கள்.) மணிமங்கலத்திலிருந்து எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வரும் ஜெயந்தி அக்காவும் சேர்ந்துகொண்டார். நைட் ஷிப்ட் முடிந்ததும் அறைக்குப் போகாமல் நேராகப் பார்க்குக்குப் போய்விடுவது, ஒரு பகல் முழுசாக மிச்சம் என்பது என் யோசனை.

"தூக்கம் வராதா மாரி?" என்றார் ஜெயந்தி அக்கா.

"ராட்டினம் சுத்தும்போது யாருக்குக்கா தூக்கம் வரும்?" என்றேன். என்ன ஒரு மேதாவித்தனம்!

அதுவரை ஒரு தீம் பார்க்கின் வாசலைக் கூட மிதித்ததில்லை. ஆனாலும் எதற்குப் பிறகு எது என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். முதலில் தண்ணீர் விளையாட்டு, பிறகு சாப்பாடு, கடைசியில் விளக்கெல்லாம் போட்ட பிறகு ராட்டினம். "மொதல்லயே ராட்டினம் ஏறிருவோமேக்கா" என்று பேச்சி பஸ்ஸிலேயே கேட்டாள். நல்லதைக் கடைசிக்கு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீதிப் பொழுது சப்பென்று போய்விடும் என்று பாடம் நடத்தினேன்.

வாசலிலேயே முதல் அநியாயம். ஜெயந்தி அக்கா ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை கொண்டுவந்திருந்தார். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம்.

"இன்னாபா, புளிசோத்துல பாம் வெச்சினு வர்றமா?" என்றார் அக்கா.

"ரூல்ஸுமா. உள்ள கேன்டீன் கீது. டோக்கன் வாங்கினு இங்கயே வெச்சிட்டுப் போ" என்றார் செக்யூரிட்டி. உள்ளே கேன்டீனில் ஒரு தட்டு இட்லிக்கு அவர்கள் போட்டிருந்த விலையைப் பார்த்தபோதுதான் புளியோதரை எவ்வளவு பெரிய ஆபத்து என்று புரிந்தது.

இரண்டாவது அநியாயம் உடை. நாங்கள் போட்டிருந்த சுடிதாரோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். ஊர்க் கிணற்றில் பாவாடை சட்டையோடு தலைகீழாகக் குதித்தவள் நான்! எங்களிடம் வாடகைக்கு ஆளுக்கொரு நைலான் உடையை நீட்டினார்கள். ஆரஞ்சு நிறம். நெஞ்சில் ஒரு மீன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. செருப்பு, போன், துணிமணி எல்லாம் லாக்கருக்குள் போயின. கழுத்து டேக்கில் தொங்கிய விசிலை மட்டும் கழற்றவில்லை. குளிக்கும்போது கூட அதை நான் கழற்றுவதில்லை.

செயற்கை அலை வரும் குளத்தின் ஓரம் நிழலாக ஓர் இடம் இருந்தது. அப்போது அலை எதுவும் இல்லை; பெரிய குளம், அவ்வளவுதான். காலை நனைத்தோம். சற்றே சாய்ந்தோம். விடிய விடிய நின்று வேலை பார்த்த உடம்பு, காற்று வேறு. ஜெயந்தி அக்காவின் குறட்டையை நான் கேட்டது ஞாபகமிருக்கிறது. ஆகவே முதலில் தூங்கியது நான் இல்லை. இதை இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் சைரன் அடித்தது.

எங்கள் கம்பெனிச் சைரனேதான். அதே ஏற்றம், அதே இறக்கம். கண் திறப்பதற்கு முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன். பார்த்தால் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு பெருங்கூட்டம் கத்திக்கொண்டு குளத்தை நோக்கி ஓடுகிறது! பதற்றத்தில் ஜனங்கள் திசை தெரியாமல் ஓடுவார்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். விசிலை எடுத்து ஊதினேன்.

"ஓடாதீங்க! வரிசையா வாங்க! எந்தப் பொருளையும் எடுக்காதீங்க!"

குடும்பம் குடும்பமாக வந்திருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அங்கங்கே நிழலில் படுத்துக் கிடந்த சிலர் எழுந்தார்கள். பக்கத்துக் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்து, வார விடுமுறைக்கு என்னைப் போலவே மேதாவித் திட்டம் போட்டு வந்தவர்கள். பாதித் தூக்கத்தில், ஒரு கேள்வி கேட்காமல், ஒரு கை இடைவெளி விட்டு என் பின்னால் வரிசையில் சேர்ந்தார்கள். நான் கூப்பிட்டேன் என்று பிறகு பழி போட்டார்கள். யாரையாவது கையைப் பிடித்து இழுத்தேனா? அவர்கள் கால், அவர்கள் நடந்தார்கள்.

ராட்டினத்துக்கு நின்ற நீண்ட வரிசையைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். விசிலையும் எங்கள் அணிவகுப்பையும் பார்த்ததும் அந்த வரிசையே கலைந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. (ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர்களும் இருந்திருக்கலாம்.) வெளியேறும் வாசல் வழியாக அத்தனை பேரையும் நடத்திப்போய், பார்க்கிங்கில் ஒரு பச்சைப் பலகைக்குக் கீழே நிறுத்தினேன். அதில் 'வேன் நிறுத்துமிடம்' என்று எழுதியிருந்தது. இருக்கட்டும், பச்சை பச்சைதானே.

"மேடம், ஹெட் கவுண்ட் எடுக்கலியா?" என்றார் பின்வரிசையில் ஒருவர். பொறுப்பான மனிதர்.

எண்ணினேன். முகம் முகமாகப் பார்த்தேன். ஜெயந்தி அக்கா இருந்தார். பேச்சி இல்லை.

இந்த இடத்தில் சிரிக்காதீர்கள். கல்யாணப் பெண். அவள் அம்மாவிடம் நான் என்ன சொல்வேன்? வாசலுக்கு ஓடினேன்.

"உள்ள ஒரு பிள்ள இருக்கு! கதவத் திறங்க!"

"இன்னாமா ஆச்சு?"

"நெருப்புங்க!"

"நெருப்பா? எங்க?"

"சைரன் அடிச்சுதுல்லா!"

செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நெஞ்சிலிருந்த மீனையும் பார்த்தார்.

"அது அலை வர்றதுக்குமா."

"எது வர்றதுக்கு?"

"அலைமா, அலை! கொளத்துல அலை வுடுவோம். ஜனங்க ஜாலியா எறங்கட்டும்னு சைரன் வுடறோம்."

எனக்குப் பின்னால் அத்தனை வரிசையும் இதைக் கேட்டது. நான் கேட்கிறேன், ஜாலிக்கு வைக்க உலகத்தில் வேறு சத்தமே கிடைக்கவில்லையா? மேளம் இல்லையா? மணி இல்லையா?

அடுத்தது அநியாயங்களுக்கெல்லாம் அநியாயம். வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே விட மாட்டார்களாம். சரி, போகிறோம் என்றால் போகவும் விட மாட்டார்களாம். "பார்க் டிரெஸ்ஸ கழட்டிக் குட்த்துட்டுப் போங்க" என்றார். எங்கள் துணி உள்ளே லாக்கரில் இருக்கிறது, உள்ளே விட்டால்தானே மாற்ற முடியும் என்றேன். உள்ளே விட ரூல்ஸ் இல்லை என்றார். அப்படியானால் இதே உடையோடு வீட்டுக்குப் போகிறோம் என்றேன். அது திருட்டு என்றார். மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்றேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்.

வெறுங்காலோடு, ஒரே மாதிரி சிரிக்கும் மீன்களோடு, சுடுகிற தார்த் தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றோம். கூட்டம் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. நல்லவேளையாக ஜெயந்தி அக்கா டோக்கனைக் கொடுத்துத் தூக்குச்சட்டியை வாங்கினார். "இன்னா பண்றது, ஆளுக்கு ஒரு வாய் துன்னுங்க" என்று எல்லோர் கையிலும் புளியோதரையை உருட்டி வைத்தார். ஹெட் கவுண்ட் கேட்ட மனிதர் இரண்டு முறை வந்து வாங்கிக்கொண்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நெருப்பு இல்லை, பேச்சி பத்திரம் என்ற நிம்மதி போய், வேறொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. பாவி, முதலிலேயே ஏறலாம் என்று கேட்டாளே. என் திட்டத்தால் அந்தப் பெண்ணின் ஒரே ஒரு ஆசை பாழாகிவிட்டதே. எங்களைத் தேடி அலைந்துகொண்டிருப்பாள், வெளியே வந்தால் அவளையும் திரும்ப விடமாட்டார்கள். அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே பார்த்தேன்.

மதில் சுவருக்கு மேலே ராட்டினத்தின் மேல்பாதி தெரிந்தது. ஒரு பெட்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே எழுந்து, உச்சியைத் தொட்டு, இறங்கி மறைந்தது. மறுபடியும் எழுந்தது.

"மாரி, அது நம்ம பேச்சி இல்ல?" என்றார் ஜெயந்தி அக்கா.

அவளேதான். நாங்கள் தூங்கியதும் எழுந்துபோய் ராட்டினத்து வரிசையில் நின்றிருக்கிறாள். அவள் முறை வந்த நேரத்தில்தான் நான் மற்ற எல்லோரையும் வரிசையிலிருந்து கிளப்பிக்கொண்டு போயிருக்கிறேன். ஏற ஆளில்லை. 'நீயே உக்காந்துக்கமா' என்று ஆப்பரேட்டர் அவளை இறக்கிவிடவே இல்லை. என் வரிசை மொத்தமும் பார்க்கிங்கில் நின்று, புளியோதரையை மென்றுகொண்டு, அவள் சுற்றுவதை அண்ணாந்து பார்த்தது.

மேனேஜர் சாவகாசமாக வந்து, ஐந்தைந்து பேராகக் காவலோடு உள்ளே அனுப்பி உடை மாற்றவிட்டு வெளியே தள்ளினார். பேச்சி தானாகவே வாசலுக்கு வந்தாள். தலைமுடி சிலுப்பிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக.

"நான் விசில் ஊதினது கேக்கலியாட்டி?"

"கேட்டுச்சுக்கா. நீங்க கத்துனதும் கேட்டுச்சு. ஆனா என் முறை வந்துட்டுல்லா" என்றாள். திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "உச்சில நிக்கும்போது நம்ம கம்பெனி பஸ் ரோட்டுல போச்சுக்கா. நம்ம சீட்டுல யாரோ ஒரு பிள்ள ஜன்னலோரமா உக்காந்திருந்தா. நான் கைய ஆட்டுனேன், அவ பாத்திருப்பாளாக்கா?" என்றாள். பார்த்திருப்பாள் என்றேன். வேறென்ன சொல்ல?

கல்யாணம் ஆகி ஊரோடு போனவள் வாரம் ஒரு முறை போனில் பேசுவாள். போன மாதம் பேசும்போது சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். அவள் மகன் பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்பு வீரர்கள் வந்து பாடம் நடத்தினார்களாம். சைரன் அடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, இவன் முந்திக்கொண்டு எழுந்து நின்றானாம்.

"மாரி பெரியம்மா எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போறவரைக்கும் பேசாம இருக்கணும் சார். அப்புறம் போயி ராட்டினத்துல ஏறிக்கணும்."